பாளையத்தில் தங்கிவிட்ட இருவர்

பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
எண்ணிக்கை 11:25-29; யாக்கோபு 5:1-6; மாற்கு 9:38-43, 45, 47-48



இன்றைய முதல் வாசகத்தில் ஓர் இளைஞன் மூச்சிரைக்க மோசேயிடம் ஓடி வருகிறான். மூப்பர் எழுபது பேர் சந்திப்புக் கூடாரத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எல்தாது, மேதாது என்னும் இருவர் போகாமல் பாளையத்திலேயே தங்கிவிட்டார்கள். ஆவியார் அவர்கள் மீதும் இறங்கிவிட்டார். மக்கள் நடுவே நின்று அவர்கள் இறைவாக்கு உரைக்கிறார்கள். உடனே யோசுவா பதறிப்போய், அவர்களைத் தடுத்து நிறுத்தும்படி மோசேயைக் கேட்கிறார். மோசேயோ, என் பொருட்டு நீ பொறாமைப்படுகிறாயா என்று திருப்பிக் கேட்கிறார். ஆண்டவரின் மக்கள் அனைவருமே இறைவாக்கினர் ஆகிவிட்டால் எவ்வளவு நலம் என்பது அவருடைய ஆசை.

நற்செய்தியிலும் இதே காட்சிதான். இயேசுவின் பெயரால் பேய் ஓட்டிய ஒருவரை யோவான் தடுக்கப் பார்க்கிறார். அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். அந்த மனிதர் இயேசுவைச் சாராதவர் என்று யோவான் சொல்லவில்லை. ‘நம்மை’ச் சாராதவர் என்கிறார். இந்த ‘நம்மை’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவே புனித யாக்கோபின் குரல் இடிபோல ஒலிக்கிறது. வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்கிறார். ஆண்டவரின் செவிக்கு எட்டிய அந்தக் குரல் கோயில் வளாகத்துக்குள் இருக்கும் நம் செவிக்கு எட்டுகிறதா? பல வேளைகளில் அதை நமக்குக் கொண்டு வந்து சேர்ப்பவர்கள் கூடாரத்துக்குள் இருப்பவர்கள் அல்ல, பாளையத்தில் தங்கிவிட்டவர்கள்தாம். அப்படிப்பட்ட ஒரு பொதுநிலையினர் குழுவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

டாரதி டே என்ற பெண்மணி அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்தவர். பத்திரிகையாளர். 1927ஆம் ஆண்டு, தம் மகள் பிறந்த பின்பு, கத்தோலிக்கத் திருஅவையில் திருமுழுக்குப் பெற்றார். பின்பு, பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தவர்கள் தெருத் தெருவாக அலைந்த காலம் வந்தது. பீட்டர் மாரின் என்ற எளிய மனிதரோடு சேர்ந்து 1933 மே முதல் நாள் ‘கத்தோலிக்கத் தொழிலாளர்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். முதல் இதழ் 2,500 படிகள். விலை ஒரு சென்ட். விரைவிலேயே அந்தத் தாளைச் சுற்றி ஒரு குடும்பம் உருவானது. பசித்தவர்களுக்குச் சூப்பும் ரொட்டியும், வீடற்றவர்களுக்குப் படுக்கையும் கொடுக்கும் விருந்தோம்பல் இல்லங்கள் எழுந்தன. வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசினார்கள்; திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமை பற்றி எழுதிய சுற்றுமடலைப் போன்றவற்றைப் படித்தார்கள். யாரும் சம்பளம் வாங்கவில்லை. டாரதி நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றார். தனிச் சபை தொடங்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. திருஅவையின் போதனையைத் திருஅவையே மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

அந்தக் கவலைக்கு 1949ஆம் ஆண்டு பெரிய சோதனை வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கல்வாரி என்ற பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது மறைமாவட்டத்துக்குச் சொந்தமானது. அங்கே குழி தோண்டியவர்கள் ஏறத்தாழ 240 பேர். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். வாரத்துக்கு ஆறு நாள், 48 மணி நேரம் வேலை. சம்பளத்தைக் குறைக்காமல் ஐந்து நாள், 40 மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டு, ஜனவரி மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடக்கம் செய்யப்படாத சவப்பெட்டிகள் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டன. அப்போதைய பேராயர் கர்தினால் பிரான்சிஸ் ஸ்பெல்மன், போராட்டத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் குற்றம்சாட்டினார். மார்ச் மாதத்தில் தம் குருமாணவர்களையே அழைத்து வந்து குழி தோண்டச் செய்தார்.

கர்தினாலின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று. கண்ணீரோடு காத்திருந்த குடும்பங்களின் வேதனை அவருக்குத் தெரியும். ஆனால் குழி தோண்டுகிறவருக்கும் குடும்பம் உண்டு அல்லவா? அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

டாரதியும் நண்பர்களும் அந்தத் தொழிலாளர்கள் பக்கம் போய் நின்றார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு உதவினார்கள். டாரதி கர்தினாலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பணிவும் இருந்தது, துணிவும் இருந்தது. நீங்களே அவர்களிடம் போய்ச் சமாதானம் செய்யுங்கள், விட்டுக்கொடுப்பது ஏழைகளைவிடப் பெரியவர்களுக்கு எளிது என்பதே அதன் சாரம்.

முடிவு என்ன? அந்த மார்ச் மாதத்திலேயே வேலைநிறுத்தம் முடிந்தது. சிறிதளவு ஊதிய உயர்வு கிடைத்தது. கேட்ட ஐந்து நாள் வாரம் கிடைக்கவில்லை. உலகக் கணக்கில் அது தோல்விதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, செய்தித்தாளின் பெயரிலிருந்து ‘கத்தோலிக்க’ என்ற சொல்லை எடுத்துவிடுமாறு மறைமாவட்ட அலுவலகம் டாரதியிடம் சொன்னது. அவர் பணிவோடு மறுத்து எழுதினார். விஷயம் அதோடு நின்றது. அவர் கோபித்துக்கொண்டு வெளியேறவுமில்லை, பயந்து வாயை மூடிக்கொள்ளவுமில்லை. 1980இல் இறக்கும்வரை ஏழைகளோடும் நற்கருணையோடும் வாழ்ந்தார். பின்பு 2000ஆம் ஆண்டில், அதே நியூயார்க் மறைமாவட்டம்தான் அவருக்குப் புனிதர் பட்டம் வேண்டி உரோமையின் கதவைத் தட்டியது. இன்று அவர் இறை ஊழியர் டாரதி டே.

அன்புக்குரியவர்களே, அமெரிக்கக் கதையைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குப் புதிய கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தோம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நன்கொடை பற்றிப் பேச்சு நடந்தது. அன்பியப் பொறுப்பாளர் ஓர் அம்மா எழுந்தார். “சாமி, கோபுரத்துக்குக் கொடுக்குறோம், சந்தோஷம்தான். ஆனா நம்ம கோயில்பிள்ளைக்கு ஆறு வருஷமா ஒரே சம்பளம்தானே? அவரு வீட்டுலயும் பிள்ளைங்க இருக்குல்ல?” என்றார்.

கூட்டத்தில் அமைதி. நாம் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. “அம்மா, அது நிர்வாக விஷயம். நீங்க அன்பியத்துல செபமாலையைப் பாத்துக்குங்க” என்றோம். அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை.

அன்று நாம்தான் யோசுவா. ‘நம்மைச் சாராதவர்’ என்று சொன்ன யோவானும் நாம்தான். ஒரு நாள் இரவு கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நாள் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்துக்குக் கொடுத்த தொகை, அதிகாலையில் எழுந்து மணியடிக்கும் அந்த மனிதரின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தது. இதே கையால்தான் அப்பத்தை உயர்த்துகிறோம் என்ற எண்ணம் வந்தபோது நோட்டை மூடிவைத்தோம்.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்தார். சம்பளத்தை உயர்த்தப் போகிறோம் என்றும், வரவு செலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் போடப் போகிறோம் என்றும் சொன்னோம். தலையாட்டிவிட்டு, “அப்படியே உங்க சமையல்கட்டு அக்காவுக்கும் பாத்துடுங்க சாமி” என்றார். அதுதான் இறைவாக்கு. அது மறையுரை மேடையிலிருந்து வரவில்லை, அடுக்களை வாசலிலிருந்து வந்தது.

இந்த அம்மா கேட்டது திருஅவைக்கு எதிரான கேள்வியா? இல்லவே இல்லை. திருஅவையின் நலனுக்கானவை பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமையும், சில வேளைகளில் கடமையும் பொதுநிலையினருக்கு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. திருஅவைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெற உரிமை உண்டு என்பது திருஅவைச் சட்டம். நீதியைப் பற்றி உலகுக்குப் பேசத் துணிகிறவர்கள் முதலில் தாங்கள் நீதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் எழுதி வைத்தது. அந்த அம்மா இவை எதையும் படித்ததில்லை. திருமுழுக்கில் பெற்ற ஆவியார் அவரைப் பேச வைத்தார்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வத்திக்கானில் ஆயர் மாமன்றத்தின் இரண்டாம் அமர்வு தொடங்கியது. அங்கே பொதுநிலையினர், பெண்கள் உட்பட, ஆயர்களோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள், வாக்களித்தார்கள். உரோமையில் போடப்பட்ட அந்த மேசை நம் பங்குக்கு எப்போது வரும்? பேரவைக் கூட்டத்தில் தொடக்கச் செபத்துக்கும் முடிவுச் செபத்துக்கும் நடுவில் உண்மை பேச இடமிருக்கிறதா? நம் அன்பியம் செபமாலை முடிந்ததும் கலைந்துவிடுகிறதா, அல்லது நம் தெருவில் கூலி கிடைக்காதவரைப் பற்றியும் விசாரிக்கிறதா? கோயிலைப் பெருக்குகிறவர், கல்லறையில் குழி தோண்டுகிறவர், நம் பள்ளியில் ஆயா வேலை பார்க்கிறவர், நம் சொந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், இவர்களுக்கு நாம் கொடுப்பது கூலியா, அல்லது பிச்சையா?

பொதுநிலையினராகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேளுங்கள். கோபத்தில் கோயிலைவிட்டுப் போய்விடாதீர்கள். மரியாதை என்ற பெயரில் மௌனமாகவும் இருந்துவிடாதீர்கள். அருள்பணியாளர்களாகிய எங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேள்வி கேட்பவர் வீட்டு வாசலுக்கு முதலில் நாம் போவோம். இறங்கிப் போவதால் நம் அங்கி அழுக்காகிவிடாது.

செபிப்போம். ஆண்டவரே, நீர் விரும்பும் இடத்தில் விரும்பியவர் மீது உம் ஆவியைப் பொழிகிறீர். பாளையத்தில் நின்று பேசுகிறவர்களைத் தடுக்கும் யோசுவாவின் பதற்றத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடும். உம் மக்கள் அனைவரும் பேசக் கேட்டு மகிழும் மோசேயின் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் கையில் தங்கிவிட்ட கூலியை, இன்று பொழுது சாயும்முன் உரியவரிடம் சேர்க்கும் மனத்தையும் தாரும். ஆமென்.