அவர் போன பிறகு சின்னம்மாவும் பிள்ளைகளும்

(தோட்டத்து மாதர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்ம லயங்களில் சின்னம்மா என்றாலே கெட்ட பெயர்தான். பிள்ளையைக் கண்டித்தால் கொடுமைக்காரி. கண்டிக்காவிட்டால் அக்கறை இல்லாதவள். புருஷன் இருக்கும்வரை அது பீலிக்கரைப் பேச்சோடு போய்விடும். அவர் திடீரென்று போய்விட்டால்?

காலையில் கவ்வாத்து வெட்டப் போன மனுஷன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்து, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விடுகிறார். கருமாதி முடிவதற்குள் மூத்தாளுடைய அண்ணன் தம்பிமார் வந்து நிற்கிறார்கள். பெரியவனை மாமன் கூட்டிப் போகிறார். பொட்டைப்பிள்ளையை வேறு தோட்டத்து அம்மாயி கூட்டிப் போகிறாள். சின்னம்மா பெற்ற கடைக்குட்டி, "அக்கா எங்கே?" என்று வாசலைப் பார்த்து அழுகிறது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அதே மாதத்தில் வீடும் போகிறது, கூடப்பிறந்ததும் போகிறது, பள்ளிக்கூடமும் போகிறது. சில பிள்ளைகள் கடைசியில் கொழும்பில் யாரோ வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள்.

மாமன்மாரைக் குறை சொல்ல வரவில்லை. செத்துப்போன தங்கச்சி பிள்ளை என்ற பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வருஷமாகக் காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தவள் யார்? ராத்திரியில் அந்தப் பிள்ளை யாரை ஒட்டிப் படுக்கிறது? பதினாறுக்கு வந்த கூட்டத்தில் வைத்துப் பிள்ளைகளைப் பங்கு போடாதீங்க. பள்ளித் தவணையாவது முடியட்டும். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்க.

சண்டைக்கு மூலம் பாசம் மட்டுமில்லை, காசும்தான். ஊழியர் சேமலாப நிதியில் பின்னுரித்தாளர் என்று யார் பெயரை எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான் காசு. இரண்டாவது கலியாணம் முடிந்து பத்து வருஷமானாலும், படிவத்தில் தன் அண்ணன் பெயரையோ செத்த மனைவி பெயரையோ அப்படியே விட்டு வைத்திருக்கிற ஆம்பிளைகள் இங்கேயும் இருப்பீங்க. கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு மாற்றுங்க.

யார் பெயரும் எழுதாமல், மரண சாசனமும் வைக்காமல் போனால், 1876ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மறுபாதி அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். மூத்தாள் பிள்ளை மூன்று, இளையாள் பிள்ளை ஒன்று என்றால் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. மூத்தாள் பிள்ளை என்று குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. கூட்டிப்போன மாமனுக்கு அதில் பங்கு கிடையாது. சேவைக்காலப் பணமும் உண்டு. ஐந்து வருஷம் முடித்தவர் இறந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து வாரிசுகளுக்குக் கொடுக்கணும். ஊழியர் நம்பிக்கை நிதி இதிலெல்லாம் சேராது, அதைத் தனியாகக் கேட்கணும்.

கலியாணப் பதிவு இல்லாதவள் பாடு இன்னும் மோசம். கோயிலில் தாலி கட்டியதை ஊரே பார்த்திருந்தாலும், அவள்தான் மனைவி என்று காட்ட ஆபீஸ் ஆபீஸாக அலையணும்.

சின்னம்மாமாரே, உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. துக்கத்தில் இருக்கும்போது யார் நீட்டினாலும் வாசிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீங்க. அதேபோல மூத்த பிள்ளைகளின் பங்கை மறைக்காதீங்க. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளை "நீ வந்துதான் அப்பா செத்தார்" என்று கத்தும். அது அப்பனுக்காக அழுகிற அழுகை, உங்களுக்குப் போடுகிற சாபமில்லை. அவர் படத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பெத்த தாயின் படத்தையும் மாட்டி வையுங்க. அவளுக்கும் ஒரு பூ வையுங்க. அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும்.

சட்டம் சின்னம்மாவைத் தானாகவே பாதுகாவலர் ஆக்கிவிடுவதில்லை. பிள்ளையை இழுத்துப் போகிற தகராறு வந்தால், லயத்தைக் கூட்டிச் சத்தம் போடுவதைவிட பிரதேச செயலகத்துக்குப் போங்க. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர் இருக்கிறார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம், அவரின் மரணச் சான்றிதழ் மூன்றையும் கையோடு கொண்டு போங்க.

அடுத்த கூட்டத்துக்கு உங்க படிவங்களை எடுத்து வாங்க, உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். ஆம்பிளைகளும் வரணும். பெயரை மாற்றிக் கையெழுத்து வைக்க வேண்டியவங்க நீங்கதான்.