வீட்டு இணையம் ஏன் அறுந்து போகிறது?

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் கைப்பேசிக்குள் புகுந்தன. அப்போது என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் அந்தப் பிள்ளையின் முகம் திரையில் அசையாமல் நிற்கும். பிறகு மறைந்து விடும். பாடத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நினைத்து, எல்லார் முன்னிலையிலும் அவளைக் கடிந்து கொண்டேன்.

கட்டுப்பாடு தளர்ந்த பின் பயிற்சித் தாள்களைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். "டீச்சர், நான் போகல. லைன்தான் போயிடுது," என்றாள். ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டித் தரையில் கிடந்தது. பிள்ளை படிப்பதோ பின்கட்டு அறையில்!

நேயர்களே, குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தொட்டியில் நீர் இல்லையா, வீட்டுக் குழாயில் அடைப்பா என்று முதலில் பார்க்கிறோம். இணையத்துக்கும் இதே முறைதான். கோபுரத்திலிருந்தோ கம்பியிலிருந்தோ ரவுட்டர் வரை வருவது வெளிப்பாதை. ரவுட்டரிலிருந்து கைப்பேசி வரை வருவது உள்பாதை. குறை எந்தப் பாதையில் என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது.

கைப்பேசியுடன் ரவுட்டருக்கு மூன்று அடி தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, அறைக்குள் போனதும் அறுந்தால், குறை பெரும்பாலும் உள்பாதையில். பக்கத்தில் நின்றும் அறுந்தால், வெளிப்பாதையைச் சந்தேகிக்கலாம்.

முதலில் உள்பாதை. இரும்பும் தகரமும் வைஃபை அலையைத் தடுத்துத் திருப்பி விடும்; தண்ணீர் அதை உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில், நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றை ஒட்டி வைக்க வேண்டாம்.

பல ரவுட்டர்கள் இரண்டு அலைகளில் இயங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தது. ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவர் குறுக்கிட்டால் சீக்கிரம் களைத்து விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், சில கைப்பேசிகள் மாறி மாறித் தாவி, இணைப்பை அறுத்து விடும். அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, பின்கட்டில் படிக்கும் பிள்ளையை 2.4-இல் இணையுங்கள்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும் எண்ணும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. எதையும் மாற்றும் முன் பழைய அமைப்பைத் தாளில் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

லயத்து வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டுக்கு ஒரு ரவுட்டர். எல்லாம் ஒரே சேனலில் பேசினால், சந்தைக் கூச்சல்தான். 2.4 அலையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களும் ஒன்றோடொன்று மோதாதவை. மாலை வேளையில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எது சீராக ஓடுகிறதோ அதையே வையுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அக்கம்பக்கத்தார் பேசி வைத்துக் கொண்டு ஆளுக்கொரு சேனல் எடுத்தால் எல்லாருக்கும் நல்லது.

இனி வெளிப்பாதை. சிம் அட்டை போடும் ரவுட்டரானால், அதை மட்டும் கோபுரம் இருக்கும் திசையில் ஜன்னலோரம் வைக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்லது; மைனஸ் 110 என்றால் மிகவும் பலவீனம். ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் மெதுவானால், கோபுரத்தில் கூட்டம் என்று பொருள். அதை அமைப்புகளால் தீர்க்க முடியாது. கண்ணாடி இழைக் கம்பியானால், எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நாள், மணி இரண்டையும் குறித்துச் சொன்னால் பயன்.

இரண்டு எச்சரிக்கைகள். ஊசி முனையால் அழுத்தும் சிறு துளைப் பொத்தானைத் தொடாதீர்கள். எல்லா அமைப்பும் அழிந்து விடும். மறுபடி தொடக்க மின்செருகியைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகினால் போதும். மழைக்கு இருட்டிக் கொண்டு வந்தால், இடி தொடங்கும் முன்பே மின்செருகியையும் கம்பியையும் கழற்றி விடுங்கள். இடி இடிக்கும்போது அவற்றைத் தொட வேண்டாம்.

அன்று அந்த ரவுட்டரைத் தூக்கி நடுச்சுவர் பலகை மேல் வைத்தோம். சேனலை 11-க்கு மாற்றினோம். மறுநாள் பாடம் முடியும் வரை அந்த முகம் திரையில் இருந்தது. எல்லார் முன்னிலையிலும் கடிந்த நான், எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளை திரையிலிருந்து மறைந்தால், பிள்ளையைக் குறை சொல்லும் முன் பாதையைப் பாருங்கள்.