வினையூக்கிக்கு எது அளவுகோல்?



நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜன் எடுப்பது இன்று நேற்று வந்த கலையன்று. வோல்டா தம் மின்கல அடுக்கை அறிவித்த 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சனும் கார்லைலும் இலண்டனில் அதைச் செய்து காட்டினார்கள். 1960களில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலில் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்தார்கள். எண்ணெய், எரிவாயு வழியாக வரும் ஹைட்ரஜன் மலிவானதும் அம்முறை பின்தங்கியது. பின்னர் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கோடு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. நீரைப் பகுக்க உதவும் வினையூக்கிகள் பற்றிய கட்டுரைகளும் வந்து குவிகின்றன. ஆனால் ஆலைக்குள் காலூன்றிய பொருள்கள் மிகச் சிலவே. இதற்கு முதற்காரணம் நம் அளவுகோல் என்பது என் கருத்து. நாம் வினையூக்கியைத் தொடக்க வேகத்தால் மதிப்பிடுகிறோம். ஆலை அதை ஆயுளால் மதிப்பிடுகிறது.

மின்சாரத்தின் விலைதானே ஹைட்ரஜனின் விலையைத் தீர்மானிக்கிறது, வினையூக்கியால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஃபாரடே விதியே பதில் சொல்லும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 26,600 ஆம்பியர்-மணி மின்னோட்டம் தேவை. ஆகவே கலத்தின் மின்னழுத்தம் 0.1 வோல்ட் கூடினால் கிலோவுக்கு 2.7 யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். நீரைப் பகுக்க வெப்ப இயக்கவியல் கேட்பது 1.23 வோல்ட்; ஆலைகள் கொடுப்பது 1.8 முதல் 2 வோல்ட். இந்த மிகையில் பெரும்பங்கு ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்முனையில் போகிறது. அங்கே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாக நீங்க வேண்டும். இடைப்படிகளில் மின்முனைப் பரப்பைப் பற்றியிருக்கும் துணுக்குகளில் ஒன்றின் பிணைப்பை வலுவாக்கினால் மற்றொன்றும் கூடவே வலுவாகிவிடுகிறது. அதனால் ஒரு படியை எளிதாக்கினால் இன்னொரு படி கடினமாகிறது. இந்த மிகையைக் குறைக்கும் வினையூக்கி, மின்கட்டணத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை.

வேகம் மட்டும் போதுமா? அமிலச் சூழலில் இயங்கும் சவ்வுக் கலங்களைப் பாருங்கள். ஆக்சிஜன் வினையில் இரிடியம் ஆக்சைடைவிட ருத்தேனியம் ஆக்சைடு வேகமானது, விலையும் குறைவு. ஆனாலும் தொழிற்சாலைகள் இரிடியத்தையே நாடுகின்றன. ருத்தேனியம் அந்தச் சூழலில் விரைவில் கரைந்துபோகிறது. ஆயுளுக்கு நாம் தரும் விலையோ பெரிது. உலகில் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன் மட்டுமே. அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைப்பொருள் என்பதால், தேவை கூடினாலும் உற்பத்தி உடனே கூடாது. இன்றைய வடிவில் ஒரு கிகாவாட் சவ்வுக் கலங்களுக்கு ஏறத்தாழ 400 கிலோ இரிடியம் வேண்டும் என்றால், உலகின் ஓராண்டு உற்பத்தி முழுவதும் அதிகம் போனால் 20 கிகாவாட்டுக்குத்தான் காணும். மாற்றுப் பொருள் அவசியம். அது நீடித்து உழைப்பதும் அவ்வளவே அவசியம்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? பெரும்பாலான கட்டுரைகள் அறை வெப்பநிலையில், ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியரில் வினையூக்கியைச் சோதிக்கின்றன. அந்தப் பத்து என்ற எண், சூரிய ஒளியால் நேரடியாக நீரைப் பகுக்கும் கருவிகளுக்காகப் பிறந்த அளவு. ஆலையின் காரக் கலத்தில் மின்பகுளியின் செறிவு 30 விழுக்காடு, வெப்பநிலை 70 முதல் 90 டிகிரி, மின்னோட்டம் அதே பரப்புக்குச் சில நூறு மில்லியாம்பியர். நாம் சோதிப்பது 24 மணி நேரம். ஆலை எதிர்பார்ப்பது 60,000 மணி நேரத்துக்கு மேல். உழவு மாட்டை ஓட்டப் பந்தயம் வைத்துத் தேர்ந்தெடுப்பது போன்றது இது.

அளக்கும் எண்ணே நம்மை ஏய்த்ததும் உண்டு. நிக்கல் மின்முனையின் திறனை உயர்த்துவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மாசாக வரும் இரும்பின் சுவடு என்பதை 1987இல் ஆய்வாளர் காரிகன் காட்டினார். 2014இல் போட்சர் குழுவினர் மின்பகுளியிலிருந்து இரும்பை நீக்கிப் பார்த்தபோது நிக்கலின் திறன் சரிந்தது. புட்டியில் இருந்த மாசின் திறனைப் பலர் தங்கள் பொருளின் கணக்கில் எழுதியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இதே போல, பிளாட்டினத்தைத் துணை மின்முனையாக வைத்து அமிலத்தில் நெடுநேரம் சோதித்தால், அது கரைந்து எதிர்ப்பக்கம் படிந்து புதுப் பொருளுக்குப் பொய்ப்பெயர் வாங்கித் தரும். ஆக்சிஜன் வினைக்கென்று காரத்தில் வைக்கும் உலோகச் சல்பைடுகளும் பாஸ்பைடுகளும் ஓடத் தொடங்கியதும் ஆக்சிஹைட்ராக்சைடுகளாக மாறிவிடுகின்றன. தலைப்பில் இருக்கும் பொருள் ஒன்று, வேலை செய்யும் பொருள் வேறு.

அடிப்படை ஆய்வுக்கு ஆலையின் கணக்கு எதற்கு என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். மாலிப்டினம் டைசல்பைடின் விளிம்புகள் ஹைட்ரஜனை வெளியிட வல்லவை என்று 2005இல் கணக்கீடு சொன்னது. 2007இல் சோதனை உறுதிப்படுத்தியது. ஆலையை மனத்தில் கொள்ளாமல் பிறந்த அறிவு அது. ஆனால் வினையூக்கி ஏன் கரைகிறது, எப்படி உருமாறுகிறது என்பவையும் அடிப்படைக் கேள்விகளே. பல்லாயிரம் மணி நேரம் சோதிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வசதி ஏது என்பது அடுத்த மறுப்பு. அத்தனை நேரம் தேவையில்லை. மின்பகுளியில் கரைந்த உலோகத்தை நிறை நிரலியல் கருவியால் அளந்தால் தேய்மானத்தின் போக்கு சில நாள்களிலேயே தெரியும். மின்னோட்டத்தை நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது இன்னும் எளிய சோதனை. அணை மின்சாரம் போலச் சூரிய மின்சாரம் ஒரே சீராக வராது; மாலைதோறும் அது நிற்கும்போது கலங்களின் அடுக்கில் எதிர்த்திசை மின்னோட்டம் பாய்ந்து நிக்கல் மின்முனைகளைக் கெடுக்கிறது. சீரான ஓட்டத்தில் மட்டும் சோதித்த பொருள் இதைத் தாங்கும் என்று எப்படி நம்புவது?

எனவே இக்கருத்தரங்கின் அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மின்பகுளியில் இரும்பின் அளவு என்ன? சோதனை முடிந்தபின் எவ்வளவு உலோகம் கரைந்திருந்தது? நூறு முறை நிறுத்தித் தொடங்கிய பிறகு மின்னழுத்தம் எவ்வளவு ஏறியது? விடை இல்லாத கட்டுரையைத் தள்ள வேண்டாம். அந்த விடையோடு அடுத்த முறை வரச் சொல்லுங்கள். இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.