கோமா வேறு, மூளைச்சாவு வேறு: காஞ்சியில் ஒரு ஐசியூ டாக்டரின் பேச்சு

(காஞ்சிபுரத்தில் நம் தோழர்கள் மத்தியில் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, வீட்டிலும் பேசுங்க.)



நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். அப்பா தறி நெய்தவர். தறிச் சத்தத்துக்கு நடுவுலதான் படிச்சேன். இன்னைக்கு நான் வேலை பார்க்கிற ஐசியூவுல கேட்கிறது மானிட்டர் சத்தம்.

ஐசியூ வாசல்ல என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி ஒண்ணு. "சார், வென்டிலேட்டர்ல போட்டுட்டா அவ்வளவுதானே?"

இல்லை தோழர்களே. வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துற மருந்து இல்லை. உடம்பு தேறுற வரைக்கும் மூச்சை இரவல் கொடுக்கிற கருவி. கட்டுவிரியன் கடிச்சு மூச்சுத் தசையே செயலிழந்து வர்றவங்க, சரியான நேரத்துல வென்டிலேட்டர் கிடைச்சா சில நாள்ல எழுந்து நடந்து வீட்டுக்குப் போறாங்க.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையைக் கேளுங்க. 1952-ல டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்துல போலியோ பரவுச்சு. மூச்சு விட முடியாம வந்தவங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல இறந்தாங்க. பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், தொண்டையில துளை போட்டுக் குழாய் வச்சு, பையை அமுக்கிக் காத்து கொடுக்கலாம்னு சொன்னார். போதுமான மெஷின் கிடையாது. சுமார் 1,500 மாணவர்கள் முறை வச்சு ராத்திரி பகலா கையாலேயே அமுக்கினாங்க. சாவு பாதியா குறைஞ்சது. அடுத்த வருஷமே அங்க ஐசியூ உருவாச்சு. இந்த ஊர்ல கை உழைப்போட அருமையை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

அப்புறம் ஆராய்ச்சி இன்னொரு பாடம் சொல்லிக் கொடுத்துச்சு. நுரையீரல் கெட்டுப்போனவங்களுக்கு நிறைய காத்து தள்ளினா நல்லதுன்னு நினைச்சோம். 2000-ல அமெரிக்காவுல 861 நோயாளிகளை வச்சு நடந்த ஆய்வுல, காத்தோட அளவைப் பாதியா குறைச்சப்போ, நூத்துக்கு 40-ஆ இருந்த சாவு 31-ஆ இறங்குச்சு. அதனால "அதிகமா செஞ்சாத்தான் நல்ல வைத்தியம்"னு நினைக்காதீங்க. அளவா செய்யறதுதான் வைத்தியம்.

இப்ப மனசைக் கனக்க வைக்கிற விஷயத்துக்கு வர்றேன்.

நான் மருத்துவ மாணவனா இருந்தப்போ என் அக்கா பையன் பைக்ல விழுந்தான். தலையில அடி. ஒரு ஆஸ்பத்திரியில வென்டிலேட்டர்ல இருந்தான். "மூளைச்சாவு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டாங்க. உட்கார வச்சு யாரும் விளக்கலை. அக்கா அவன் நெஞ்சுல கை வச்சு, "டேய், துடிக்குதுடா, உடம்பு சுடுதுடா, எப்படிடா செத்துட்டான்னு சொல்றாங்க?"ன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. அப்புறம் அந்த இதயமும் தானா நின்னுடுச்சு. அன்னைக்கு அக்காவுக்குச் சொல்ல முடியாததைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்றேன்.

கோமாவுல மூளைக்கு உயிர் இருக்கு. திரும்பி வர வாய்ப்பு உண்டு. மூளைச்சாவுல, மூச்சையும் நினைவையும் நடத்துற மூளைத்தண்டே செத்துடுது. திரும்பாது. இதயத்துக்குத் தானா துடிக்கிற சக்தி இருக்கிறதால, மெஷின் ஆக்சிஜன் கொடுக்கிற வரைக்கும் கொஞ்ச காலம் துடிக்கும்.

"அதை எப்படி நம்புறது?"ன்னு கேளுங்க. கேட்கணும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர்கள் பரிசோதிக்கணும். உறுப்பு மாற்று அறுவைசிகிச்சை செய்யற குழுவுல இருக்கிறவங்க அந்த நாலு பேர்ல இருக்கக் கூடாது. ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிக்கணும். கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பார்க்கறோம். கருவிழியைத் தொட்டுப் பார்க்கறோம். தொண்டைக் குழாயில இருமல் வருதான்னு பார்க்கறோம். கடைசியா ஆக்சிஜன் மட்டும் கொடுத்து வென்டிலேட்டரைக் கழற்றி, ஒரு மூச்சாவது தானா வருதான்னு பார்க்கறோம். அதுக்கு முன்னாடி தூக்க மருந்து, உடம்புக் குளிர்ச்சி, விஷம் எதுவும் காரணம் இல்லைன்னு உறுதி பண்ணணும். கட்டுவிரியன் கடிச்சவங்க இமையைக்கூடத் தூக்க முடியாம, மூளை செத்தவங்க மாதிரியே கிடப்பாங்க. ஆனா உள்ளே நினைவு இருக்கலாம். அதனாலதான் அவ்வளவு கறார்.

2008 செப்டம்பர். அப்போதைய நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்த திருக்கழுக்குன்றம். 15 வயசு ஹிதேந்திரன் விபத்துல அடிபட்டு மூளைச்சாவு அடைஞ்சான். அப்பா, அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள். மானிட்டர்ல ஓடுற கோட்டுக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க. பெத்த வயிறு எரிஞ்சாலும் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதிச்சாங்க. போலீஸ் வழிவிட வச்சு, சென்னை நெரிசல்ல 11 நிமிஷத்துல அந்த இதயம் முகப்பேர் போய்ச் சேர்ந்துச்சு. ஒரு சிறுமிக்குள்ள துடிச்சுது. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ஊர் ஊரா உறுப்பு தானத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. தானம் செஞ்சவங்க இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதைன்னு 2023-ல அறிவிப்பும் வந்துச்சு.

ஒண்ணு தெளிவா சொல்றேன். தானம் கொடுங்கன்னு யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. முடியாதுன்னு சொல்ற குடும்பமும் நம்ம குடும்பம்தான். உறுப்பை விற்கறதும் வாங்கறதும் குற்றம். ஆனா விவரம் தெரியாம ஒரு குடும்பம் முடிவெடுக்கிற நிலைமை வரக் கூடாது.

தோழர்களே, உங்ககிட்ட நான் கேட்கிறது மூணே மூணு.

ஒண்ணு: நம்ம ஆளு ஐசியூவுல இருந்தா ஐம்பது பேர் கூடாதீங்க. வெளியில இருந்து வர்ற கிருமி உள்ளே இருக்கிறவங்களுக்கு எமன். குடும்பத்துல ஒருத்தர் பேசட்டும். டாக்டரைத் தினமும் கேட்கட்டும்: "நேத்தைவிட இன்னைக்கு எப்படி? அடுத்து என்ன செய்யப் போறீங்க? தேறுவார்ங்கற நம்பிக்கை எவ்வளவு?" பதில் வாங்குறது உங்க உரிமை.

ரெண்டு: விபத்து நடந்தா வீடியோ எடுக்காதீங்க. 108-க்குப் போன் போடுங்க. ஹெல்மெட் போடுங்க. என் ஐசியூவுக்கு வர்றதைவிட அது ரொம்பச் சுலபம்.

மூணு: இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல பேசுங்க. "எனக்கு இப்படி ஒண்ணு ஆனா என்ன செய்யணும்?"னு சொல்லி வைங்க. அபசகுனம் இல்லை தோழர்களே. ஐசியூ வாசல்ல நிற்கப் போற உங்க அக்காவுக்கோ மகனுக்கோ நீங்க விட்டுட்டுப் போற பெரிய ஆறுதல் அதுதான்.

என் அக்கா இப்பவும் கேட்பாங்க, "அன்னைக்கே நீ சொல்லியிருந்தா, அவன் எங்கேயாவது துடிச்சுக்கிட்டு இருப்பான் இல்லடா?"ன்னு.

அந்தக் கேள்வி உங்க யார் வீட்டுக்கும் வர வேண்டாம்.



#காஞ்சிபுரம் #உறுப்புதானம் #ஐசியூ_அறிவோம்