தம்பிக்கு எந்த ஊரு?

(பெரம்பலூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கையில் காசில்லாமல் ஊர் சுற்றுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஆய்வு மாணவனுக்கு உதவித்தொகை வருகிற அழகு உங்களுக்குத் தெரியும். எனவே, காசில்லாமல் என்கிற பகுதியில் எனக்குத் தகுதி உண்டு.

சுற்றிப் பார்க்க இமாச்சலம் போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாவட்டத்தின் ஒரு பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கு ஏறக்குறைய 12 கோடி வயது, நீளம் 18 மீட்டர். 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். காரைப் பக்கம் மழை அரித்த மண்மேடுகளில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் காலடியில் கிடக்கும். அரியலூர் பக்கம் போனால் காரைவெட்டி ஏரி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்க்கக் குளிர்காலத்தில் போங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு விளம்பரம் அதிகம்.

இங்கெல்லாம் நினைத்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. அதனால் கை நீட்டி லிஃப்ட் கேட்க வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காதீர்கள், யாரும் நிறுத்தமாட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரியின் புழுதிதான் மிச்சம். ஊருக்குள் பிரியும் விலக்கில், டீக்கடை ஓரம் நில்லுங்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறவர் நிறுத்துவார்.

நிறுத்திய பிறகு வரும் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். ரஜினி படத்தின் பெயர்தான்: ‘தம்பிக்கு எந்த ஊரு?’

சில வருடங்களுக்கு முன் கல்மரம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரியவர் ஏற்றிக்கொண்டார். முன்னால் சின்ன வெங்காய மூட்டை, பின்னால் நான். வெங்காயம் அழுகியது, விலை விழுந்தது என்று பிரியமாகப் பேசிக்கொண்டு வந்தார். பிறகு ஊரைக் கேட்டார். சொன்னேன். “அங்க எந்தப் பக்கம்? கோயில் தெருவா?” காலனி என்றேன். அதன்பின் பேச்சில்லை. கொஞ்ச தூரத்தில் வண்டியை நிறுத்தி, “இங்க ஒரு சோலி இருக்கு, எறங்கிக்கப்பா” என்றார். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. நான் இறங்கியதும் நேராகப் போய்விட்டார்.

அவர் இறக்கிவிட்டதைவிட என்னை அதிகம் அரித்தது, இறங்கும்போது நான் அவருக்கு நன்றி சொன்னதுதான்.

அடுத்த வண்டிக்காரர் கேட்டபோது திருச்சி, தில்லை நகர் என்று பொய் சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அப்படி ஒரு கசப்பான டீயை நான் குடித்ததில்லை.

என்னோடு சுற்றும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அதே உதவித்தொகை, அதே கிழிந்த பை. அவனிடமும் இதே கேள்விதான். அவன் ஊரைச் சொன்னதும், “அட, அந்த ஊர்ல நம்ம சொந்தம் இருக்கே” என்பார்கள். ராத்திரிச் சோறு, திண்ணையில் பாய், காலையில் விலக்குவரை கொண்டுவந்து விடுவது எல்லாம் நடக்கும். கிராமத்து மக்களின் அன்பைப் பற்றி அவன் எழுதுகிறான். அது பொய்யில்லை, அவனுக்குக் கிடைத்தது. பத்து நாளில் முந்நூறு ரூபாய்தான் செலவு என்றும் எழுதுகிறான். மீதிச் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “சாதி கட்டியிருக்குடா” என்றான். அந்த நேர்மைக்காகவே இன்னும் நண்பன்.

பெண் தோழர்களுக்கு இந்தக் கேள்விக்கு முன்பே வேறு ஆபத்துகள் உண்டு. அதை அவர்களே இந்த மேடையில் பேச வேண்டும்.

இது புதிய கதை இல்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர், அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலேறிப் போய் மசூர் நிலையத்தில் இறங்குகிறார். மகர் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டியும் வரமறுக்கிறது. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறார். வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். இரவில் தண்ணீருக்காகச் சுங்கச்சாவடிக்காரரிடம் தன்னை முஸ்லிம் என்று சொல்லி உருதுவில் பேசிப் பார்க்கிறார் அந்தச் சிறுவன். தண்ணீர் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று என் தில்லை நகரை நினைத்துக்கொண்டேன். 1934இல், தலைவரான பின்னும், தௌலதாபாத் கோட்டைக்குச் சுற்றுலா போனவர்களை, தண்ணீரைத் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதக் காவலரோடுதான் உள்ளே விட்டார்கள்.

அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட்டார். கறுப்பின மக்கள் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். முப்பது ஆண்டுகளுக்கு அது தேவைப்பட்டது.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அதற்குப் பிறகு நான் செந்துறைப் பக்கம் கிளம்பினால் அம்மா, “யாருகிட்டயும் வண்டி கேக்காத, பஸ்ஸுக்குக் காசு தர்றேன்” என்பார். அம்மா சொன்னதில் அரசியல் இருக்கிறது. பேருந்தில் நடத்துநர் எங்கே ஏறினாய், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்பார், தெருவைக் கேட்கமாட்டார். அதுவும் சும்மா வரவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பேருந்துகள் இருந்தன. ஏற்றாவிட்டால் உரிமம் போகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்து உத்தரவு போட்டவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். ஆகவே கல்மரத்துக்கும் காரைக்கும் கூடுதல் பேருந்து கேட்பது சுற்றுலாக் கோரிக்கை மட்டுமில்லை.

அதற்காக லிஃப்ட் கேட்பதை நான் விடவில்லை. இப்போது பொய் சொல்வதும் இல்லை. இறக்கிவிட்டால் நடக்கிறேன், நன்றி மட்டும் சொல்வதில்லை. உண்மையைக் கேட்ட பிறகும் கடைசிவரை கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு, மறைக்கக்கூடாது. நண்பர்கள் சேர்ந்து ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம்: எந்த ஊரில், எந்தக் காலனியில், எந்தத் தோழர் வீட்டில் படுக்கலாம் என்று. இதுவரை பதினொரு வீடுகள். ஊர்த்தெருவில் இரண்டு. உங்கள் வீட்டையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குப் போகிறோம். காலை ஆறரைக்குப் பழைய பேருந்து நிலையத்தில் நிற்பேன். தண்ணீரும் தொப்பியும் எடுத்துவாருங்கள். அங்கே கிடக்கும் படிவங்களில் ஒன்றைக்கூட பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.