வென்றவர் அறியாத வாகை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று என்பர். பெயரை வழிவழியாகக் கையளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உறுதியாக உள்ளது. செயலைக் கையளிக்கும் வழக்கம் அத்துணை உறுதியானதன்று. பெற்றவளின் பெருஞ்செயலை, மகன் எழுபது வயதைக் கடந்தபின் அயலார் ஒருவர் வாயிலாக அறிந்த வரலாறு ஒன்று உண்டு.

மார்கரெட் அபாட் கல்கத்தாவில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. தந்தை வணிகர், தாய் மேரி அபாட் நாவலாசிரியர், நூல் மதிப்புரையாளர். தந்தை மறைந்தபின் குடும்பம் பாஸ்டனிலும் பின்னர்ச் சிகாகோவிலும் வாழ்ந்தது. சிகாகோவில் கோல்ஃப் பயின்ற மார்கரெட், ஓவியம் கற்கத் தாயுடன் பாரிஸ் சென்றார். 1900 அக்டோபர் 3 அன்று கோம்பியேன் என்னும் ஊரில் நடைபெற்ற பெண்கள் கோல்ஃப் போட்டியில் இருவரும் கலந்துகொண்டனர். ஆடியவர் 10 பேர், குழிகள் 9. மகள் 47 அடிகளில் ஆட்டத்தை முடித்து முதலிடம் பெற்றார். தாய்க்கு 65 அடிகள் தேவைப்பட்டன. ஒலிம்பிக் களம் ஒன்றில் தாயும் மகளும் எதிரெதிர் நின்றது அரிதினும் அரிது.

ஆனால் அது ஒலிம்பிக் களம் என்பதை மார்கரெட் அறியவில்லை. அவ்வாண்டின் விளையாட்டுகள் பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஓர் அங்கமாக, மே முதல் அக்டோபர் வரை நீண்டு நடந்தன. பல போட்டிகள் ஒலிம்பிக் என்ற பெயரால் அறிவிக்கப்படவே இல்லை. தங்கப் பதக்கம் வழங்கும் முறையும் 1904-இல்தான் தொடங்கிற்று. மார்கரெட்டுக்குக் கிடைத்தது பொன்வேலைப்பாடு அமைந்த பீங்கான் கிண்ணம் ஒன்றே. பாரிஸில் ஒரு கோல்ஃப் போட்டியில் வென்றதாகவே அவர் பிற்காலத்தில் வீட்டாரிடம் கூறிவந்தார். ஒலிம்பிக் வாகை சூடிய முதல் அமெரிக்கப் பெண் தாமே என்பதை அறியாமலே 1955-இல் மறைந்தார்.

இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இனிமேல் வருவது. தாய் எழுத்தாளர். 1902-இல் மணந்த கணவர் ஃபின்லி பீட்டர் டன், அமெரிக்கா முழுவதும் படிக்கப்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். மகன் பிலிப் டன், 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' என்னும் 1941-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்குத் திரைக்கதை தீட்டியவர். மூன்று எழுதுகோல்கள் சூழ்ந்திருந்த வாழ்க்கை அது. எனினும் அவ்வெற்றியின் உண்மைப் பொருள் அம்மூவர் ஏட்டிலும் ஏறவில்லை.

அதைக் கண்டெடுத்தவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலா வெல்ச். 1970-களில், ஒலிம்பிக் வென்றோர் வரிசையில் இப்பெயரைக் கண்டார். அந்தப் பெண் யார், என்ன ஆனார் என்ற வினா அவரை விடவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழைய செய்தித்தாள்களில் தடம் தேடி, இறுதியில் பிலிப் டன்னைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னார். தாயின் வெற்றியைப் பற்றி மகன் 1984-இல் ஓர் இதழில் எழுதினார். தாய் மறைந்து 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெண்கள் கோல்ஃப் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2016-இல், ரியோ நகரில். 116 ஆண்டுகளுக்குப்பின் திறந்த அக்களத்தில் இந்தியாவின் அதிதி அசோக்கும் ஆடினார். அவருடைய ஒவ்வோர் அடியும் அன்றே பதிவாயிற்று.

குருதி உறவு நினைவைக் காக்கும் என்று நம்புகிறோம். இவ்வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அன்பு மிகுந்த இல்லத்திலும் கேட்பார் இல்லையேல் செயல் மறைகிறது. உறவில்லாத ஒருவர் கேட்டால் மீள்கிறது. நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்தபோது, அவன் பெயரைக் காக்கும் பொறுப்பை உறவினரிடம் மட்டும் விடவில்லை. ஊரும் அதை ஏற்றது.

இந்த வட்டத்தின் பத்தாண்டுகளும் இன்று மலராகப் பதிவாகின்றன. அந்தப் பணி இல்லங்களுக்கும் செல்லட்டும். வீட்டின் மூத்தவரிடம் அவர் இளமையில் செய்தது என்னவென்று கேளுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். அதன் பொருள் இன்று விளங்காமற் போகலாம். பின்னர்த் தேடி வரும் ஒருவருக்கு அந்த ஒரு வரி போதும்.