எத்தனை கட்டுரை, எத்தனை வருஷம்?

(தியாகராய நகரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எலும்பு மூட்டு டாக்டர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி மெக்கானிக்கல் படித்தவனுக்கு என்ன பேச்சு என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. அவர்கள் இடுப்பில் பொருத்தும் செயற்கை மூட்டு நம்ம ஆட்கள் செய்து கொடுப்பதுதானே! அதன் தேய்மானத்தைப் பார்க்க, சர்வதேசத் தர விதிப்படி இயந்திரத்தில் 50 லட்சம் சுற்று ஓட்டுகிறார்கள். விநாடிக்கு ஒரு சுற்று. நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதே மூட்டோடு ஒரு மனுஷர் அத்தனை தூரம் நடக்கச் சுமார் ஐந்து வருஷம் ஆகும். அவரை வேகமாக ஓட்டிப் பார்க்க முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்தபோது (2020-ல் அது கலைக்கப்பட்டது), முதுநிலை மாணவர் படிப்பு முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது பத்திரிகைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று விதி வைத்தது. படிப்போ மூன்று வருஷம். ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைக் கணக்கு வந்தது. விளைவு, ஆபரேஷன் முடிந்து வருஷம் ஒன்று ஆவதற்குள் "முடிவுகள் திருப்தி" என்று எழுதிவிடுகிறார்கள். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் இன்றைக்கு எத்தனை புடவை விற்றது என்று இன்றைக்கே எண்ணிவிடலாம். சாயம் போனதா என்பது வாங்கியவர் வீட்டில் துவைத்த பிறகுதானே தெரியும்!

எண்ணிக்கையிலும் நாம் சமமாக இல்லை. எல்லா மருத்துவத் துறைகளையும் சேர்த்து 2005 முதல் 2014 வரை எடுத்த கணக்கில், 579 மருத்துவ நிறுவனங்களில் 332 ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வருஷத்துக்கு நூறுக்கு மேல் வெளியிட்டவை 25தான்.

காத்திருந்து எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேத்துப்பட்டில், 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். முதுகெலும்பில் காசநோய் வந்த 304 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பெரிய ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். மற்ற இரண்டு பிரிவும் நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மட்டும் சாப்பிட வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம். 1999-ல் பிரிட்டிஷ் எலும்பு மூட்டுப் பத்திரிகையில் வந்தது. கால் செயலிழந்தவர்களுக்கு வேறு கணக்கு என்பது உண்மை. ஆனாலும் எத்தனை ஏழைகளுக்குக் கத்தி வேண்டாம் என்று ஆனது, யோசித்துப் பாருங்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரன், வெளிநோயாளியாகவே மருந்து சாப்பிட்ட 61 குழந்தைகளைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்து, அதே பத்திரிகையில் 2001-ல் எழுதினார். நோய் குணமான பிறகும், எலும்பு வளர வளரச் சில குழந்தைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போனது. சிலருக்குக் குறைந்தது. யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களை அவர் கண்டுபிடித்தார். ஒன்றரை வருஷத்தில் ஃபைலை மூடியிருந்தால் "எல்லாரும் குணம்" என்றுதான் கட்டுரை வந்திருக்கும். கூன் விழுந்த பிள்ளை அந்தக் கணக்கில் ஏறியே இருக்காது. என்னைக் கேட்டால் அந்த ஒரு கட்டுரை, ஆறு மாதத்தில் எழுதிய ஐம்பதுக்குச் சமம்.

இதில் பாதி வேலை டாக்டர் வேலையே இல்லை. வீடு மாறிய நோயாளியின் விலாசத்தைத் தேட வேண்டும், வருஷா வருஷம் கடிதம் போட வேண்டும், பழைய எக்ஸ்ரே கரையானுக்குப் போகாமல் வைக்க வேண்டும். ஸ்வீடனில் 1975-லிருந்தே முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு நாடு முழுக்க ஒரே பதிவேடு இருக்கிறது. நம்மில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! ஒரே ஒரு எலும்பு சிகிச்சைப் பிரிவுக்காவது, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இப்படி ஒரு பதிவேடு போட்டுக் கொடுக்க எனக்கு நாலு பேர் வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள்.